கனடா பேரேடு: ரூபாய்க்கு ஒரு பக்கம், மாதத்துக்கு ஒரு பக்கம்

கனடாவில் பி.ஆர். என்ற நிரந்தரவாசத்துக்கு அந்த நாட்டு அரசு 2024-ல் வைத்த கட்டணம் 1,525 டாலர். ஏப்ரல் 30-ல் நிர்ணயித்த தொகை இது: விண்ணப்பத்தைப் பரிசீலிக்க 950, நிரந்தரவாச உரிமைக்கு 575. ஒரு கனடா டாலருக்கு 62 ரூபாய் என்று வைத்தால் 94,550 ரூபாய். பிள்ளையை அங்கே படிக்க அனுப்பும் வீட்டில் இந்தத் தொகையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, படவும் வேண்டாம். உண்மையான விலை அதற்கு வெகு முன்பே கல்லூரிக்கும், பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டவருக்கும், ஊரில் வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்ட வங்கிக்கும் போய்விடுகிறது. அதைக்கூட ரூபாயில் மட்டும் எழுதினால் பேரேட்டில் ஒரு பக்கம்தான் நிரம்பும். மாதங்களுக்கும் புள்ளிகளுக்கும் இன்னொரு பக்கம் இருக்கிறது. அனுப்பிவைக்கும் கன்சல்டன்ட் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவது அபூர்வம்.

கணக்குப் போட ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். வயது 22, பி.இ. முடித்தவர், திருமணம் ஆகவில்லை, வேலை அனுபவம் இல்லை. ஒன்ட்டாரியோ மாகாணத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் 2 ஆண்டு முதுநிலை டிப்ளமோ படிக்கப் போகிறார். கட்டணம் ஆண்டுக்கு 17,000 டாலர். வெளிநாட்டு மாணவருக்கு இந்த வகைப் படிப்பில் இது நடுத்தரமான தொகை. பல்கலைக்கழகத்தில் இளநிலை என்றால் கதையே வேறு. 2024-25-ல் கனடா முழுவதற்குமான சராசரி, வெளிநாட்டு மாணவருக்குச் சுமார் 40,000 டாலர், உள்ளூர் மாணவருக்குச் சுமார் 7,400. ஒரே வகுப்பறை, ஒரே பெஞ்ச், ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

விமானம் ஏறும் முன்

ஸ்டடி பெர்மிட் விண்ணப்பத்துக்கு 150 டாலர், கைரேகைக்கு 85. முதல் ஆண்டுக் கட்டணம் 17,000. இவற்றோடு, கையில் பணம் இருக்கிறது என்று காட்டுவதற்காக 22,895 டாலர். இந்தக் கடைசித் தொகை ஏறிய வேகத்தைப் பார்க்க வேண்டும். சுமார் இருபது ஆண்டுகளாக அது 10,000 டாலர்தான். 2024 ஜனவரி 1-ல் ஒரே தாவலில் 20,635 ஆனது. 2025 செப்டம்பர் 1 முதல் 22,895. வித்தியாசம் 12,895 டாலர், நம் கணக்கில் 8 லட்சம் ரூபாய்க்கு 510 ரூபாய்தான் குறைவு. அரசு சொல்லும் காரணத்தில் நியாயம் இருக்கிறது: 10,000 டாலரை வைத்துக்கொண்டு டொரன்டோவில் ஓராண்டு பிழைக்க முடியாது, அது என்றைக்கோ செத்துப்போன எண். ஆனால் பத்து ஏக்கர்காரர் வீட்டுக்கும் இரண்டு ஏக்கர்காரர் வீட்டுக்கும் நடுவே கோடு விழுந்தது அந்த 8 லட்சத்தில்தான்.

நான்கையும் கூட்டினால் 40,130 டாலர். ரூபாயில் 24,88,060. ஐஇஎல்டிஎஸ் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, டிக்கெட், குளிருக்கு ஒரு ஜாக்கெட் எல்லாம் சேர்ந்து இன்னும் ஒன்றேகால் லட்சம் என்றால், 26 லட்சம் இல்லாமல் மீனம்பாக்கத்தில் உள்ளே போக முடியாது. இதில் 22,895 செலவல்ல. ஜி.ஐ.சி. என்ற பெயரில் கனடா வங்கி ஒன்றில் போடும் வைப்புத்தொகை அது. போய் இறங்கியதும் ஒரு பகுதியும், மீதி மாதத் தவணையாகவும் மாணவர் கைக்கே வந்துவிடும். ஆனாலும் புரட்டிக் கொடுத்த அப்பாவுக்கு அது கடன்தான். இன்னொன்று: டாலர் ஒரு ரூபாய் ஏறினால் இந்தக் கூட்டுத்தொகை 40,130 ரூபாய் ஏறும். அட்மிஷன் கடிதம் வந்த நாளுக்கும் பணம் அனுப்பும் நாளுக்கும் நடுவில் இரண்டு ரூபாய் நகர்வது ஒன்றும் அதிசயமில்லை.

வங்கியில் பிடிக்கும் டி.சி.எஸ். வரியையும் குறித்துக்கொள்ள வேண்டும். 2025-26 நிதியாண்டில் விதி இது: வங்கிக் கல்விக் கடனில் அனுப்பினால் பிடித்தம் இல்லை, சொந்தப் பணம் என்றால் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகையில் 5 சதவீதம். 24,88,060-ஐ ஒரே நிதியாண்டில் சொந்தப் பணமாக அனுப்பினால் 74,403 ரூபாய் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் அங்கே தூங்கும்.

இத்தனை திரட்டிய பிறகும் பெர்மிட் உறுதியில்லை. 2023 ஆகஸ்ட்டில் இந்தியாவிலிருந்து போன விண்ணப்பங்களில் நிராகரிப்பு சுமார் 32 சதவீதம். 2025 ஆகஸ்ட்டில் 74 சதவீதம். நான்கு பேர் விண்ணப்பித்தால் மூன்று பேருக்கு ‘இல்லை’. விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கையும் அந்த இரண்டு ஆண்டுகளில் 20,900-லிருந்து 4,515 ஆகச் சுருங்கியது. 2023-ல் வந்த விண்ணப்பங்களில் சுமார் 1,550, பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனவை, போலி அட்மிஷன் கடிதங்களோடு தொடர்புடையவை என்று கனடா கண்டுபிடித்தது இந்தச் சந்தேகக் கண்ணுக்கு ஒரு காரணம். ஏமாற்றியவன் ஏஜென்ட், சந்தேகம் விழுந்தது அடுத்த பேட்ச் மாணவன் மேல்.

கட்டணத்தை உயர்த்தியது யார்

ஒன்ட்டாரியோ அரசு 2019-ல் உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் வெட்டி, பிறகு ஆண்டுக்கணக்கில் உறைய வைத்தது. அரசு மானியமும் அதற்கு ஈடாக ஏறவில்லை. பள்ளத்தை நிரப்பக் கல்லூரிகள் வெளிநாட்டைப் பார்த்தன. அந்த மாணவர்களின் கட்டணத்துக்குத்தான் உச்சவரம்பு கிடையாது. மாகாணத் தலைமைத் தணிக்கையாளர் 2021-ல் வெளியிட்ட அறிக்கை இதை எண்ணாலேயே சொல்லிவிட்டது: 2020-21-ல் ஒன்ட்டாரியோ அரசுக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர்கள் 30 சதவீதம், கட்டண வருமானத்தில் அவர்கள் தந்தது 68 சதவீதம். அவர்களில் 62 சதவீதம் இந்தியர்கள். ஒரே நாட்டை நம்பி இப்படி இருப்பது ஆபத்து என்று அந்த அறிக்கையே எச்சரித்தது. கல்லூரிகள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. 2023-ல் கொனஸ்டோகா என்ற ஒரே கல்லூரிக்கு 30,000-க்கும் அதிகமான ஸ்டடி பெர்மிட்டுகள். அந்த ஆண்டு முடிவில் நாடு முழுவதும் பெர்மிட் வைத்திருந்தவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். வாடகை வானத்துக்குப் போனது. அரசியல் சும்மா இருக்குமா? 2024 ஜனவரி 22-ல் குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் உச்சவரம்பு அறிவித்தார்: அந்த ஆண்டுக்கு சுமார் 3,60,000 புது அனுமதிகள், முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைவு. 2026-க்கு வைத்திருக்கும் எண், புதிதாக வரும் மாணவர்கள் 1,55,000.

வாரம் 24 மணி நேரம்

ஒன்ட்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டாலர். வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2024 நவம்பர் 8 முதல் இந்த வரம்பு. ஆக வாரத்துக்கு 422.40, மாதத்துக்கு 1,830. ஓய்வூதிய நிதிக்கும் வேலையின்மைக் காப்பீட்டுக்கும் பிடித்ததுபோகக் கைக்கு வருவது சுமார் 1,700.

செலவு? ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ ஒரு பேஸ்மென்ட்டில் பகிர்ந்துகொள்ளும் அறைக்கு 750 என்று வைப்போம். சமையல் சாமானுக்கு 350. ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகள் இருப்பதால் முருங்கைக்காய்க்கும் இட்லி அரிசிக்கும் பஞ்சமில்லை, விலை மட்டும் ஊர் விலை இல்லை. டொரன்டோ பஸ்ஸுக்கும் சப்வேக்கும் கல்லூரி மாணவர் பாஸ் 128.15. போன் 40, சில்லறை 150. கூட்டுத்தொகை 1,418. மீதி 280 டாலர். அதாவது வாரா வாரம் 24 மணி நேர ஷிஃப்ட் கிடைத்தால் மாணவர் தன் வயிற்றைக் கழுவிக்கொள்ளலாம், கையில் கொஞ்சம் நிற்கும். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் 17,000-ஐ அந்த 280-ஐ வைத்துக் கட்ட ஐந்து ஆண்டு ஆகும்.

‘கிடைத்தால்’ என்பதில்தான் சிக்கல். 2025 செப்டம்பரில் கனடாவில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் வேலையின்மை 14.7 சதவீதம். காபிக் கடை மேனேஜர் ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பில் போடும் ஷிஃப்ட் பட்டியலில் இந்த வாரம் 22 மணி, அடுத்த வாரம் 9 மணி, அதற்கடுத்த வாரம் பெயரே இல்லை. பழைய கணக்கை நம்பி வந்தவர்களுக்கு அடி இன்னும் பலம். 2022 நவம்பர் 15 முதல் 2024 ஏப்ரல் 30 வரை மணிநேர வரம்பே இல்லை. அந்தக் காலத்தில் வந்தவர்கள் வாரம் 40 மணி நேரம் உழைத்து இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையே கட்டினார்கள். ஊரில் அக்கம்பக்கத்தார் கேள்விப்பட்டது அந்தக் கதையைத்தான். கேள்விப்பட்டு அனுப்பிய பிள்ளைகள் போய் இறங்கியபோது விதி மாறியிருந்தது.

வங்கியின் பக்கம்

ஆகவே கடன். 25 லட்சம், 10.5 சதவீத வட்டி என்று எடுத்துக்கொள்வோம். அரசு வங்கியில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்தை ஈடு வைக்க வேண்டும். முதல் ஆண்டு 15 லட்சமும் இரண்டாம் ஆண்டு 10 லட்சமும் வங்கி விடுவிக்கிறது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடும்: முதல் ஆண்டு 1,57,500, அடுத்த இரண்டு ஆண்டுகளும் தலா 2,62,500. மொத்தம் 6,82,500. தவணை தொடங்கும் அன்று கடன் 31,82,500. பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் 42,943 ரூபாய். 120 மாதமும் கட்டி முடித்தால் 51.5 லட்சம்.

டாலரில் சொன்னால் மாதம் 693. குறைந்தபட்சக் கூலியில் 39 மணி நேரத்துக்கு மேல். படிப்பு முடித்து முழுநேர வேலைக்குப் போனவர் மாதத்தில் ஒரு வாரம் முழுக்க அந்த வங்கிக் கிளைக்காகவே உழைக்கிறார். இதில் ஒரே ஒரு நல்ல செய்தி, கடன் ரூபாயில் இருக்கிறது. ரூபாய் சரியச் சரிய டாலரில் தவணை லேசாகும்.

இந்தப் பக்கத்தை எல்லாக் குடும்பங்களும் ஓரளவு போட்டுப் பார்க்கின்றன. போடாத பக்கம் இனிமேல்தான்.

புள்ளியின் விலை

டிப்ளமோ முடித்தவருக்கு வேலை பார்க்க 3 ஆண்டு பெர்மிட் கிடைக்கும். பி.ஜி.டபிள்யூ.பி. என்பார்கள், கட்டணம் 255 டாலர், வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அந்த மூன்று ஆண்டுக்குள், எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறையில் போதிய புள்ளி எடுத்து அழைப்பு வாங்க வேண்டும். மொத்தப் புள்ளி 1,200, கட்-ஆஃப் அவ்வப்போது மாறும். அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இங்கே மதிப்பெண்ணோடு வயதுக்கும் புள்ளி உண்டு என்பதுதான் வேறுபாடு.

நம் ஆளுக்குப் போட்டுப் பார்ப்போம். 20 முதல் 29 வயது வரை 110 புள்ளி. பி.இ.யோடு கனடா டிப்ளமோவும் இருப்பதால் கல்விக்கு 128. ஐஇஎல்டிஎஸ்-ஸில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தால் 124. கனடாவில் ஓராண்டு திறன்சார் வேலைக்கு 40. கல்வியும் மொழியும் சேர்ந்து தரும் கூடுதல் 50. கனடாவில் படித்ததற்கு 15. மொத்தம் 467.

2025-ல் கனடா வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான அழைப்புகளில் கட்-ஆஃப் 515-க்கும் 547-க்கும் நடுவில் இருந்தது.

சரி, மூன்று ஆண்டும் வேலை பார்த்தால்? இரண்டாம் ஆண்டு 13 புள்ளி தரும், மூன்றாம் ஆண்டு 11. ஆக 491. பெர்மிட் முடியும் நாளில், ஒரு நாள்கூட வேலையில்லாமல் இருக்காதவர், ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவர், அந்த அழைப்புகளில் 2025-ன் மிகக் குறைந்த கட்-ஆஃபுக்கும் 24 புள்ளி கீழே நிற்கிறார். இந்த ஒரு கழித்தலைச் செய்துவிட்டு 25 லட்சம் கடனுக்குக் கையெழுத்துப் போடும் வீடு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. கணக்கில் கடினம் எதுவும் இல்லை. பட்டியல் முழுவதும் கனடா அரசின் இணையதளத்திலேயே கிடக்கிறது.

இதே வரிசையில் 2021 பிப்ரவரி 13-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கட்-ஆஃப் 75. ஆமாம், எழுபத்தைந்து. ஒரே நாளில் 27,332 பேருக்கு அழைப்பு. கொரோனாவால் எல்லை மூடியிருந்தது, வெளியிலிருந்து ஆள் வர முடியாது, உள்ளே இருந்தவர்களை அப்படியே வாரி எடுத்துக்கொண்டார்கள். அந்த அதிர்ஷ்டம் அடித்த அண்ணன்மார்களின் யூடியூப் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

புள்ளி ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். பி.இ. மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் சமமாக இருக்கும் ஒருவருக்கு 432 வரும். டிப்ளமோ சேர்த்தது 35 புள்ளி. கட்டணம் 34,000 டாலர். புள்ளிக்கு 971. முதுநிலைப் பட்டம் என்றால் மொத்தம் 489, சேர்வது 57 புள்ளி. கட்டணம் 50,000 என்றால் புள்ளிக்கு 877. மொத்தத் தொகையில் விலை கூடிய படிப்பு, புள்ளிக் கணக்கில் மலிவு. படிப்பு வேலை பெர்மிட்டுக்கான கதவையும் திறக்கிறது என்பதால் முழு விலையையும் புள்ளி மேல் ஏற்றுவது கொஞ்சம் கறார்தான். இருந்தாலும் ஒப்பிட உதவும்.

இப்போது பிரெஞ்சு. கேட்டல், பேசல், வாசித்தல், எழுதுதல் நான்கிலும் 7-ஆம் நிலையை எட்டினால் கூடுதலாக 50, இரண்டாம் மொழிக் கணக்கில் 12, ஆக 62 புள்ளி. வகுப்புக்கும் தேர்வுக்கும் 2,500 டாலர் என்று தாராளமாகவே வைத்தாலும் புள்ளிக்கு 40. போதாததற்குப் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனி அழைப்பு: 2025 மார்ச் 21-ல் 7,500 பேரை அழைத்தார்கள், கட்-ஆஃப் 379. நம் ஆளின் 467 அங்கே தாராளம். இது ஓராண்டுக்கு மேல் கழுத்தைப் பிடிக்கும் உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் நுங்கம்பாக்கத்தில் அலையன்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது; புதுச்சேரிக்காரர்களுக்கோ கேட்கவே வேண்டாம்.

அதைவிட மலிவானது ஒன்று இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன்பே சென்னையிலோ கோவையிலோ திறன்சார் வேலையில் மூன்று ஆண்டு இருந்தால் 50 புள்ளி. அதற்குச் செலவு இல்லை, சம்பளம் வருகிறது. 29 வயதுவரை வயதுப் புள்ளி குறைவதும் இல்லை. 22-ல் வேலைக்குச் சேர்ந்து, 25-ல் முதுநிலைக்குப் போய், 27-ல் முடித்து, 28-ல் ஓராண்டு அனுபவத்தோடு நிற்பவருக்கு 539. டிப்ளமோ வழியிலேயே போனாலும் 517, விளிம்பிலாவது நிற்கலாம். ‘வயசாகிடும், உடனே கிளம்பு’ என்று அவசரப்படுத்துவது இந்தப் பட்டியலுக்கு நேர் எதிர். அவசரம் வருவது 30-ல்தான்: அந்தப் பிறந்தநாளில் 5 புள்ளி போகும், அதன்பின் 40 வரை ஒவ்வொரு பிறந்தநாளிலும் 5 அல்லது 6. 35-ல் 77, 40-ல் 50, 45-ல் பூஜ்யம்.

சின்னச் சின்னப் புள்ளிகளும் உண்டு. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் 7-க்குப் பதில் 6.5 வந்தால் 8 புள்ளி நஷ்டம். நர்ஸ், மழலையர் ஆசிரியர் போன்ற வேலைகளுக்குத் தனி அழைப்பு, 2025-ல் சில முறை 480-க்கும் கீழே இறங்கியது. மாகாண அரசு பரிந்துரைத்தால் 600 புள்ளி, அதோடு வேலை முடிந்தது. ஆனால் ஒன்ட்டாரியோவுக்கு அந்தப் பரிந்துரை 2024-ல் 21,500, 2025-ல் 10,750. சரிபாதி. 2024 மே மாதம் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் இப்படிப் பரிந்துரை வெட்டப்பட்டபோது இந்திய இளைஞர்கள் சட்டமன்றத்துக்கு வெளியே கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். வேலை ஆணைக்கு இருந்த 50 புள்ளியை 2025 மார்ச் 25-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். அந்த ஆணைகளைப் பல்லாயிரம் டாலருக்கு விற்கும் கறுப்புச் சந்தை அவ்வளவு வளர்ந்திருந்தது. விற்றவர்கள் சம்பாதித்துவிட்டார்கள். கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் காகிதம் இருக்கிறது.

மாதக் கணக்கு

36 மாதத்தில் எத்தனை மாதம் எண்ணப்படும்? ஓராண்டு அனுபவம் என்பது 1,560 மணி நேரம். மாணவராக இருந்தபோது பார்த்த மணிகளில் ஒன்றுகூடச் சேராது. காசாளர், சமையலறை உதவியாளர், கிடங்கில் பெட்டி அடுக்குபவர் போன்ற வேலைகளும் சேராது. அதே கடையில் சூப்பர்வைசர் ஆனால் சேரும். அந்தப் பதவிப் பெயருக்காக மணிக்கு ஒரு டாலர் குறைவாகவே வாங்கிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. முதலாளி தரும் கடிதத்தில் பதவி, கடமைகள், வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம் எல்லாம் வரிவரியாக இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் ஆள், எழுதப்படாத ஓர் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஓவர்டைம் கேட்டு அவரிடம் சண்டை போட யாருக்கும் வாய் வராது.

இன்னொரு சிறு பொறி. இந்தப் பெர்மிட் பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைத் தாண்டிப் போகாது. 18 வயதில் எடுத்த பாஸ்போர்ட் 28-ல் முடிந்துவிடும். புதுப்பிக்காமல் விண்ணப்பித்தால் பெர்மிட்டின் கடைசி மாதங்கள் வெட்டுப்படும். பிறகு தனியாக விண்ணப்பித்து நீட்டிக்க வேண்டும்.

2024 நவம்பர் 1-க்குப் பின் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு மேலும் ஒரு வாசல்படி. பட்டப்படிப்பு அல்லாத டிப்ளமோக்களில் மருத்துவம், தொழில்நுட்பம், கட்டுமானத் தொழில், போக்குவரத்து, வேளாண்மை போன்ற துறைகளுக்குத்தான் பி.ஜி.டபிள்யூ.பி. ‘பிசினஸ் மேனேஜ்மென்ட்’ என்று பொதுவாக ஒரு டிப்ளமோ எடுத்துவிட்டுப் போனால், படிப்பு முடிந்ததும் பெட்டி கட்ட வேண்டியதுதான். சேரும் முன் அந்தப் படிப்பின் குறியீட்டு எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

எல்லாம் கூடிவந்தால்: படிப்பு 24 மாதம், தகுந்த வேலை தேட 6, அனுபவம் 12, அழைப்பும் பரிசீலனையும் 8. ஐம்பதாவது மாதம் பி.ஆர். குடியுரிமைக்கு ஐந்தாண்டில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். பி.ஆருக்கு முன் இருந்த நாள் ஒவ்வொன்றும் அரை நாளாக, அதிகபட்சம் 365 வரை சேரும். மீதி 730 நாள், அதாவது 24 மாதம். ஆக 74-ஆவது மாதம், ஆறு ஆண்டு இரண்டு மாதம், குடியுரிமை விண்ணப்பம். 2025-ல் அதன் கட்டணம் 649.75 டாலர். வங்கித் தவணை முடிவதோ 156-ஆவது மாதம். குடியுரிமைக்கு விண்ணப்பித்து ஆறரை ஆண்டு ஆன பிறகும் ஊர்க் கிளைக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும்.

எத்தனை பேருக்குக் கூடிவந்தது? கனடா புள்ளியியல் துறையின் ஆய்வுகளிலிருந்து இரண்டு எண்கள் சுற்றுகின்றன. 2000-க்குப் பின் வந்த வெளிநாட்டு மாணவர்களில் பத்தாண்டுக்குள் பி.ஆர். ஆனவர்கள் பத்துக்கு மூன்று பேர். பி.ஜி.டபிள்யூ.பி. வாங்கியவர்களில் ஐந்தாண்டுக்குள் ஆனவர்கள் நான்குக்கு மூன்று பேர். இரண்டும் சரி, முதலாவதில் படித்துவிட்டுத் தாமாகவே ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள், இரண்டாவது தங்கிவிடுவது என்று இறங்கியவர்களை மட்டும் எண்ணுகிறது. கன்சல்டன்ட் அலுவலகச் சுவரில் ஒட்டுவது இரண்டாவதை. ஆனால் அந்த நான்குக்கு மூன்று என்பது பழைய பேட்ச்களின் கணக்கு. பி.ஆர். இலக்கு 2024-ல் 4,85,000, 2025-ல் 3,95,000, 2026 முதல் 2028 வரை ஆண்டுக்கு 3,80,000. வரிசையில் நிற்பவர்களோ, 10 லட்சம் ஸ்டடி பெர்மிட் இருந்த காலத்தில் வந்து படித்து முடித்தவர்கள்.

திரும்பி வருபவரின் கணக்கு

பெர்மிட் முடிந்து 491 புள்ளியோடு ஊருக்கு வருபவர் இழந்ததாகச் சொல்ல முடியாதவை உண்டு: ஐந்தாண்டு அங்கே வாழ்ந்த அனுபவம், மூன்று ஆண்டு டாலர் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. மணிக்கு 25 டாலர் வேலையில் இருந்தவர் கடனில் பாதியை அடைத்துவிட்டே வந்திருக்கலாம். மிச்சமே பிடிக்க முடியாதவரை எடுத்துக்கொண்டால், சென்னையில் 60,000 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தார் என்று வைத்து, 42,943 தவணை என்பது 71.6 சதவீதம். வங்கிக்குப் போய் 15 ஆண்டாக நீட்டித்துத் தரக் கேட்பார்கள். தொடக்கத்திலேயே 15 ஆண்டு என்று எடுத்திருந்தால் தவணை 35,179 ஆகக் குறையும், சம்பளத்தில் 58.6 சதவீதம். கட்டி முடிக்கும்போது மொத்தம் 63.3 லட்சம். பத்தாண்டுக் கணக்கைவிட சுமார் 11.8 லட்சம் அதிகம். பழைய வருமான வரி முறையில் இருப்பவர் வட்டி முழுவதற்கும் விலக்குக் கேட்கலாம், எட்டு ஆண்டுக்கு மட்டும். ஒன்பதாம் ஆண்டு முதல் அதுவும் கிடையாது.